நீதி போதிக்க வந்தவர்களுக்கு நீதிமன்றம் எங்கே?

நீலத் தொப்பி அணிந்த ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் சமாதானப் படையைப் பற்றி நாம் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். அந்தப் படையின் பின்னால் இன்னொரு கூட்டமும் போகிறது. அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை, சட்டப் புத்தகம் இருக்கிறது. அவர்களுக்கு ‘நீதி அதிகாரிகள்’ என்று பெயர். யுத்தத்தாலும் கலகத்தாலும் கோர்ட்டுகள் குலைந்துபோன நாடுகளில் ‘சட்டத்தின் ஆட்சி’யை நிலைநாட்டுவதே அவர்கள் வேலை என்று ஐ.நா. சபை சொல்கிறது.

நல்ல வேலைதானே, அதில் நமக்கென்ன சண்டை என்று ஆலைத் தொழிலாளி கேட்கலாம். நல்ல வேலை என்றே நாமும் சொல்கிறோம். ஆனால் அந்த நல்ல வேலையைச் செய்பவர்களிடமும், அவர்களை அனுப்பி வைப்பவர்களிடமும் ஒரு கேள்வி கேட்கிறோம். நீங்கள் போகிற நாட்டில் உங்கள் படையே அநியாயம் செய்தால், ஏழை எந்தக் கோர்ட்டுக்குப் போவான்?

ஹைத்தி நாட்டு மக்கள் இந்தக் கேள்வியை 2011-ம் ஆண்டு முதல் கேட்டு வருகிறார்கள். இன்றுவரை நேரான பதில் இல்லை. அந்தக் கதையை நம் மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் அறிந்துகொள்வது அவசியம். அங்கே செத்தவர்கள் நம்மைப் போன்றவர்கள்.

நீதி அதிகாரியின் வேலை என்ன?

முதலில் அந்த வேலையைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவோம். ஐ.நா. தலைமையகத்தில் சமாதானப் படைகளை நடத்தும் இலாகாவில் நீதிக்கும் சிறைக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. அது ஆட்களைப் பொறுக்கி அனுப்புகிறது. பல சர்க்கார்களும் தங்கள் வக்கீல்களையும் ஜட்ஜுகளையும் சிறை அதிகாரிகளையும் இரவல் கொடுக்கின்றன.

கொசோவோவில் ஐ.நா. சபையே ஆட்சி நடத்தியபோது, 2000-ம் ஆண்டு முதல் வெளிநாட்டு ஜட்ஜுகளே ஆசனத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்கள். மற்றப் பெரும்பாலான நாடுகளில் நீதி அதிகாரி தீர்ப்புச் சொல்வதில்லை. யோசனை சொல்கிறார். சிறைக்குப் போய்ப் பதிவேட்டைப் பார்க்கிறார். விசாரணையே இல்லாமல் எத்தனை பேர் எத்தனை ஆண்டுகளாக அடைபட்டுக் கிடக்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறார். பிராசிக்யூட்டரிடம் கோப்பை நகர்த்தச் சொல்கிறார். ஏழைக் கைதிக்கு வக்கீல் கிடைக்க ஏற்பாடு செய்கிறார். கோர்ட்டே இல்லாத கிராமங்களுக்கு நடமாடும் கோர்ட்டு போய்வர வண்டியும் பாதுகாப்பும் தேடித் தருகிறார்.

இதனால் பலன் இல்லாமல் போகவில்லை. காங்கோவின் தென் கிவு மாகாணத்தில் கவுமு என்ற ஊரில் ஓர் ஆயுதக் கும்பல் சுமார் 40 சிறுமிகளைத் தூக்கிச் சென்று பாழாக்கியது. கும்பலின் தலைவன் மாகாண சட்டசபை அங்கத்தினன். அவனை யாரும் தொட முடியாது என்றே ஊர் நினைத்தது. ஊராரும் தாய்மார்களும் டாக்டர்களும் வக்கீல்களும் விடாமல் போராடினார்கள். ஐ.நா. படையின் சட்ட உதவிக் குழுவும் துணை நின்றது. 2017 டிசம்பரில் அவன் உள்பட 11 பேருக்கு ஆயுள் தண்டனை விழுந்தது. இதை நாம் மறைக்கவில்லை. நேர்மையாக உழைக்கும் நீதி அதிகாரியைப் பழிப்பது நம் நோக்கமல்ல. அவரும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர், சொன்ன இடத்துக்குப் போகிறவர்.

ஆனால் அவர் கைக்கு எட்டாத வாசல் ஒன்று உண்டு. அவருக்குச் சம்பளம் கொடுக்கும் ஸ்தாபனத்தின் வாசல்தான் அது.

அடிமைகள் விடுதலை செய்த நாடு

ஹைத்தி சாதாரண நாடல்ல. 1791-ம் ஆண்டு கரும்புத் தோட்ட அடிமைகள் அங்கே கலகக் கொடி உயர்த்தினார்கள். நெப்போலியனின் படையைத் தோற்கடித்து 1804-ல் சுதந்திரக் குடியரசு அமைத்தார்கள். அடிமைகளே எஜமானர்களை விரட்டி நாடு கண்டார்கள்.

அந்தக் ‘குற்றத்தை’ எஜமானர்களின் உலகம் மன்னிக்கவில்லை. 1825-ல் பிரெஞ்சு அரசன் போர்க்கப்பல்களை அனுப்பி, தோட்டங்களையும் அடிமைகளையும் இழந்த முதலாளிகளுக்கு 15 கோடி பிராங்கு நஷ்டஈடு கேட்டான். 1838-ல் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. விடுதலையடைந்த அடிமை, தன் விடுதலைக்கு எஜமானனுக்கு விலை கட்டினான். அந்தக் கடனும் அதன் வட்டியும் 20-ம் நூற்றாண்டு வரை ஹைத்தியின் கழுத்தை நெரித்தன. நஷ்டஈடு என்ற சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மறுபடியும் அது வரும்.

1915 முதல் 1934 வரை அமெரிக்கக் கடற்படைச் சிப்பாய்கள் ஹைத்தியைக் கைப்பற்றி ஆண்டார்கள். விவசாயிகளைக் கயிற்றில் கட்டி இழுத்துவந்து கூலியில்லாமல் ரோடு போடச் செய்தார்கள். 1990-ல் மக்கள் வோட்டுப் போட்டு அரிஸ்டீட் என்ற பாதிரியாரை ஜனாதிபதியாக்கினார்கள். மறு ஆண்டே ராணுவம் அவரைக் கவிழ்த்தது. பிறகு திரும்பி வந்து மறுபடியும் ஜனாதிபதியான அவர், 2004 பிப்ரவரியில் அமெரிக்க விமானத்தில் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகப்பட்டார். அதே ஆண்டு ஜூன் மாதம் ஐ.நா. சமாதானப் படை வந்து இறங்கியது. 2017 அக்டோபர் வரை அது அங்கே இருந்தது.

நீதி அதிகாரிகள் அந்தப் படையுடன் வந்தார்கள். அரிஸ்டீட்டின் பிரதம மந்திரியாக இருந்த இவோன் நெப்தூன் அதே ஜூன் மாதம் சிறையில் தள்ளப்பட்டு, வழக்கு விசாரணை இல்லாமல் 2006 ஜூலை வரை கிடந்தார். ஒரு பிரதம மந்திரியின் கதியே இது. அமெரிக்கக் கண்டத்து நாடுகளின் மனித உரிமைக் கோர்ட்டு 2008-ல் இது அநியாயம் என்று தீர்ப்புச் சொன்னது. பேரில்லாத கூலிக்காரன் கதி என்னவாயிருக்கும்? ஹைத்திச் சிறைகளில் பத்துப் பேரில் ஏழு பேருக்கு மேல் விசாரணை முடியாமலே அடைபட்டிருந்தார்கள்.

2005 ஜூலை 6-ந் தேதி தலைநகரின் சேரியான சிட்டே சொலேய் பகுதியில் ஐ.நா. படை ஓர் ஆயுதக் கும்பல் தலைவனைப் பிடிக்கப் போனது. தகரக் குடிசைகள் நெருக்கி நிற்கும் இடம் அது. ஒரே நாளில் சுமார் 22 ஆயிரம் குண்டுகள் சுடப்பட்டன. குடிசைக்குள் இருந்த பெண்களும் குழந்தைகளும் செத்தார்கள் என்று சேரி மக்கள் சாட்சி சொன்னார்கள். எந்தக் கோர்ட்டும் அந்தச் சாட்சியத்தைக் கேட்கவில்லை.

கூலிச் சட்டம் வந்தபோது

ஆலைத் தொழிலாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஹைத்தியில் அமெரிக்கக் கம்பெனிகளுக்குச் சட்டை தைக்கும் ஆலைகள் உண்டு. 2009-ல் அங்கே குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 70 கூர்டு. அமெரிக்கப் பணத்தில் 2 டாலர்கூட இல்லை. அதை 200 கூர்டாக, அதாவது சுமார் 5 டாலராக உயர்த்தி ஹைத்தி பார்லிமெண்ட் சட்டம் இயற்றியது. ஆலை முதலாளிகள் கூக்குரலிட்டார்கள். அமெரிக்கத் தூதரகமும் அவர்கள் பக்கம் நின்று நெருக்கியது. அந்தத் தூதரகத்தின் தந்திகள் 2011-ல் அம்பலமானபோது இந்த விஷயம் உலகுக்குத் தெரிந்தது. முடிவில் தையல் ஆலைகளுக்கு மட்டும் 125 கூர்டு என்று கூலி வெட்டப்பட்டது.

நாட்டின் பார்லிமெண்ட் இயற்றிய சட்டம் அது. ‘சட்டத்தின் ஆட்சி’யைக் கற்பிக்க வந்த உலக ஸ்தாபனம் அந்தச் சட்டத்துக்காக ஒரு குரல் கொடுத்ததா? கூலி கேட்டு மாணவர்களும் தொழிலாளர்களும் வீதிக்கு வந்தபோது, ஒழுங்கைக் காப்பாற்ற நின்றவர்களில் நீலத் தொப்பிகளும் இருந்தன. முதலாளியின் லாபத்தைத் தொடாத வரையில்தான் சட்டம் புனிதமானது என்ற பாடத்தை ஹைத்தித் தொழிலாளி அன்று படித்துக்கொண்டான்.

ஆற்றில் வந்த எமன்

2010 ஜனவரியில் பூகம்பம் ஹைத்தியை நொறுக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் அதைவிட வெட்கக்கேடான காரியம் நடந்தது.

மிர்பலே என்ற ஊருக்குப் பக்கத்தில் ஐ.நா. படையின் முகாம் ஒன்று இருந்தது. நேபாளத்திலிருந்து வந்த சிப்பாய்கள் அங்கே தங்கினார்கள். முகாமின் ஓரத்தில் ஓர் ஓடை. அது ஆர்ட்டிபோனித் ஆற்றில் சேருகிறது. ஹைத்தியின் பெரிய ஆறு அதுதான். நெல் விளையும் பள்ளத்தாக்கு முழுவதும் அந்தத் தண்ணீரை நம்பியிருக்கிறது. முகாமின் கழிவு நீர்க் குழாய்கள் ஒழுங்காக அமைக்கப்படவில்லை. கண்டிராக்டர் அள்ளிச்சென்ற மலம் வேலிகூட இல்லாத திறந்த குழியில் கொட்டப்பட்டது. மழை பெய்தால் அது வழிந்து ஓடையில் இறங்கும்.

ஹைத்தியில் ஒரு நூற்றாண்டுக் காலமாக காலரா என்னும் வாந்திபேதி கண்டவர் எவருமில்லை. அந்த அக்டோபரில் கண்டார்கள். ஆற்றோரத்து மக்கள் சுருண்டு விழுந்தார்கள். முதலில் மாண்டவர்களில் வயல் வேலைக்குப் போனவர்கள் பலர். நடவு வயலில் நிற்பவனுக்குத் தாகமெடுத்தால் எங்கே போவான்? வாய்க்கால் தண்ணீரை அள்ளிக் குடிப்பான். குடித்தார்கள், செத்தார்கள். நோய் நாடெங்கும் பரவியது. 8 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் படுத்தார்கள். சுமார் 10 ஆயிரம் பேர் மாண்டார்கள். மொத்த ஜனத்தொகையே சுமார் 1 கோடிதான்.

அந்த நெல் வயல்களின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1990-ம் ஆண்டுகளில் சர்வதேச நிதி ஸ்தாபனங்களின் நிர்ப்பந்தத்தால் ஹைத்தி அரிசி இறக்குமதி வரியை 3 சதவீதமாகக் குறைத்தது. சர்க்கார் மானியம் பெற்ற அமெரிக்க அரிசி வந்து குவிந்தது. உழவன் நொடித்தான். அப்போது அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த கிளிண்டனே 2010-ல் இது தவறு என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். அப்படி ஏற்கெனவே கூழுக்கு அலைந்த மக்கள்மீதுதான் வாந்திபேதியும் விழுந்தது.

நேபாளத்துச் சிப்பாயை நாம் குற்றம் சொல்லவில்லை. அவன் மலைக்கிராமத்து ஏழை விவசாயியின் மகன். புறப்படுமுன் அவனைச் சரியாகப் பரிசோதிக்காதது யார்? முகாமுக்கு ஒழுங்கான கழிவுக் குழி வெட்டாதது யார்? 2010-2011-ம் ஆண்டுக்கு அந்தப் படைக்கு ஒதுக்கிய பணமே 80 கோடி டாலரைத் தாண்டியது. அவ்வளவு பணத்தில் ஒரு நல்ல கழிவுக் குழிக்கு இடமில்லாமல் போய்விட்டதா?

‘ஏற்கத்தக்கதல்ல’

2011 நவம்பரில் சுமார் 5 ஆயிரம் ஹைத்தியர்கள் தங்கள் வக்கீல்கள் மூலம் ஐ.நா. சபையிடம் மனுக் கொடுத்தார்கள். கேட்டது அதிகமில்லை. குடிதண்ணீரும் சாக்கடையும் அமைத்துக் கொடுங்கள், மாண்டவர் குடும்பங்களுக்கு நஷ்டஈடு கொடுங்கள், பகிரங்கமாக மன்னிப்புக் கேளுங்கள் என்றார்கள்.

பதினைந்து மாதம் கழித்து, 2013 பிப்ரவரியில் பதில் வந்தது. இந்தக் கோரிக்கையை ஆராய்ந்தால் அரசியல், கொள்கை விஷயங்களைப் பரிசீலிக்க வேண்டிவரும், ஆகையால் இது ஏற்கத்தக்கதல்ல என்றார்கள். அவ்வளவுதான். 10 ஆயிரம் பிணங்களுக்கு ஒரு கடிதம்.

அவர்களுடைய சொந்தச் சட்டம் என்ன சொல்கிறது? 1946-ல் ஐ.நா. பொதுச்சபை ஓர் ஒப்பந்தத்தை ஏற்றது. ஐ.நா. ஸ்தாபனத்தின்மீது எந்த நாட்டுக் கோர்ட்டிலும் வழக்குப் போட முடியாது என்று அது விசேஷப் பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் அதே ஒப்பந்தத்தின் 29-வது பிரிவு, தனியார்களுடன் ஏற்படும் தகராறுகளைத் தீர்க்கத் தகுந்த வழியை ஐ.நா. சபை ஏற்படுத்தியே தீரவேண்டும் என்கிறது. கோர்ட்டு வேண்டாமென்றால் வேறு பஞ்சாயத்தாவது வேண்டும் என்பது பொருள். 2004-ல் ஹைத்தி சர்க்காருடன் செய்த உடன்படிக்கையிலும் நஷ்டஈட்டுக் கமிஷன் ஒன்று அமைப்பதாகக் கையெழுத்துப் போட்டார்கள். ஐ.நா. சார்பில் ஒருவர், ஹைத்தி சார்பில் ஒருவர், பொதுவான தலைவர் ஒருவர். அந்தக் கமிஷன் ஹைத்தியில் அமைக்கப்படவே இல்லை. எந்த நாட்டிலும் எந்தச் சமாதானப் படையிலும் இப்படி ஒரு கமிஷன் இதுவரை அமைந்ததில்லை. ஏட்டில் இருக்கும், நாட்டில் இராது.

மனுதாரர்கள் நியூயார்க் கோர்ட்டுக்குப் போனார்கள். அமெரிக்க சர்க்கார் வந்து ஐ.நா. சபையின் விசேஷப் பாதுகாப்புக்காக வாதாடியது. 2015-ல் வழக்குத் தள்ளப்பட்டது. 2016 ஆகஸ்டில் அப்பீலும் தள்ளப்பட்டது. ஐ.நா. சபையே நியமித்த மனித உரிமை நிபுணர் பிலிப் ஆல்ஸ்டன் அதே ஆண்டு அறிக்கை கொடுத்தார். ஐ.நா. எடுத்த நிலை மனச்சாட்சிக்கும் பொருந்தாது, சட்டத்துக்கும் நிற்காது என்று தமது எஜமானர்களின் முகத்துக்கு நேரே சொன்னார்.

நம் மில்களில் உள்விசாரணை என்று ஒரு நாடகம் நடக்கிறது. குற்றம் சாட்டுபவரும் மானேஜர், விசாரிப்பவரும் மானேஜரின் ஆள். அதிலும் ஒரு நோட்டீஸ் கொடுப்பார்கள், பதில் கேட்பார்கள். ஹைத்தித் தொழிலாளிக்கு அந்த நாடகம்கூட நடத்தப்படவில்லை.

வாதங்களும் நம் பதிலும்

ஐ.நா. சபையின் வக்காலத்துக்காரர்கள் சில வாதங்களைச் சொல்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விசேஷப் பாதுகாப்பு இல்லாவிட்டால் எந்த வல்லரசும், எந்தச் சர்வாதிகாரியும் பொய் வழக்குப் போட்டுப் படையை முடக்கிவிடுவான் என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. கொலைகார ஆட்சியின் கோர்ட்டுக்கு ஐ.நா. ஊழியரை இழுக்க யாரும் சொல்லவில்லை. அதற்காகத்தானே பொதுவான கமிஷன் என்று எழுதி வைத்தீர்கள்? அதை ஏன் அமைக்கவில்லை? பாதுகாப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குப் பதிலாகக் கொடுத்த வாக்கை ஏன் கிழித்துப் போட்டீர்கள்?

நஷ்டஈடு கொடுக்க வழக்கமில்லை என்பார்கள். பொய். படையின் ஜீப் மோதி ஒருவர் செத்தால் நஷ்டஈடு கொடுக்கிறார்கள். ஆளுக்கு 50 ஆயிரம் டாலர் வரை என்று 1998-ல் பொதுச்சபையே உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஜீப் ஏறிச் செத்தால் நஷ்டஈடு. ஆற்றில் மலம் கலந்து ஊர் ஊராகச் செத்தால் அது கொள்கை விஷயம்! 

இன்னும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1960-ல் காங்கோவுக்கு ஐ.நா. படை போனது. காங்கோ மக்களின் தலைவர் லுமும்பா, நாட்டில் ஐ.நா. படை இருக்கும்போதே பிடிக்கப்பட்டு, 1961 ஜனவரியில் கொலை செய்யப்பட்டார். அவர் உயிரை அந்தப் படை காப்பாற்றவில்லை. ஆனால் அந்தப் படையின் நடவடிக்கைகளில் காங்கோவில் இருந்த பெல்ஜியக்காரர்களுக்கு நஷ்டம் ஏற்பட்டதென்று பெல்ஜியம் கேட்டபோது, 1965-ல் ஐ.நா. சபை 15 லட்சம் டாலர் எண்ணிக் கொடுத்தது. காலனி எஜமானன் கேட்டால் கணக்குத் தீர்க்கப்படுகிறது. அடிமையின் பேரன் கேட்டால் ‘ஏற்கத்தக்கதல்ல’.

மன்னிப்புக் கேட்டுவிட்டார்களே என்கிறார்கள். 2016 டிசம்பரில் அப்போதைய பொதுச் செயலாளர் பான் கி-மூன் மன்னிப்புக் கேட்டது உண்மை. காலராவை ஒழிக்கப் போதிய அளவு செய்யவில்லை என்பதற்காகக் கேட்டார். நாங்கள்தான் கொண்டுவந்தோம், சட்டப்படி நாங்கள் பொறுப்பு என்று சொல்லவில்லை. 40 கோடி டாலர் திட்டம் அறிவித்தார். அதாவது அந்தப் படைக்கு ஓராண்டில் ஒதுக்கிய பணத்தில் ஏறக்குறைய பாதி. அதுவும் விரும்பிய நாடுகள் விரும்பியதைப் போடும் உண்டியல். உண்டியலில் ஒரு சிறு பகுதியே விழுந்தது. குடும்பங்களின் கையில் நஷ்டஈடு சேரவில்லை. உரிமையைக் கேட்டவனுக்குத் தர்மம் காட்டினார்கள், அந்தத் தர்மத்தையும் போடவில்லை.

ஹைத்தி ஒரு தனி விபத்து என்று கடைசியாகச் சொல்வார்கள். கொசோவோவைப் பாருங்கள். 1999-ல் வீடு எரிக்கப்பட்ட ரோமா மக்களை ஐ.நா. நிர்வாகம் திரெப்சா ஈயச் சுரங்கக் கழிவு மேட்டின் பக்கத்தில் குடிவைத்தது. தற்காலிகம் என்றார்கள். பத்தாண்டுக்கு மேல் நீடித்தது. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியது. ஐ.நா. நிர்வாகமே அமைத்த மனித உரிமைக் குழு 2016-ல், உரிமை மீறப்பட்டது, நஷ்டஈடு கொடுங்கள் என்று சிபாரிசு செய்தது. 2017-ல் அங்கேயும் ஓர் உண்டியல்தான் வைத்தார்கள். தங்கள் குழுவின் சிபாரிசையே தூக்கிப் போட்டார்கள். இது விபத்தா, வழக்கமா?

சிப்பாயின் குற்றத்துக்கு யார் நீதிபதி?

2007-ல் ஹைத்தியில் இருந்த இலங்கைப் படையினர் நூற்றுக்கு மேற்பட்டோர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பசித்த சிறுமிகளையும் சிறுவர்களையும் தின்பண்டத்துக்கும் சில்லறைக்கும் பாழாக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. உடன்படிக்கைப்படி சமாதானப் படைச் சிப்பாயைத் தண்டிக்கும் அதிகாரம் அவனை அனுப்பிய நாட்டுக்கு மட்டுமே உண்டு. ஹைத்திக் கோர்ட்டு அவர்களைத் தொட முடியவில்லை. ஐ.நா. நீதி அதிகாரியும் தொட முடியவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் மக்கள்மீது யுத்தம் நடத்திய அதே ராணுவம்தான் அவர்களை விசாரிக்க வேண்டியிருந்தது. பத்தாண்டு கழித்து, 2017-ல் ஒரு செய்தி ஸ்தாபனம் விசாரித்து எழுதியபோது, ஒருவர்கூடச் சிறைக்குப் போயிருக்கவில்லை.

அந்தக் குழந்தைகளின் ஊரில் நீதி அதிகாரிகள் என்ன போதித்திருப்பார்கள்? சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்றுதானே?

நீதிக்கென்றே ஒரு படை

2017 அக்டோபரில் பழைய படை போனது. உடனே புதிய ஸ்தாபனம் வந்தது. அதன் பெயரே ‘ஹைத்தியில் நீதிக்கு உதவும் ஐ.நா. குழு’. காலரா மனுவை வாசலில் நிறுத்திவிட்டு, நீதிக்கு உதவ உள்ளே போனார்கள். அவர்கள் இருக்கும்போதே 2018 நவம்பரில் தலைநகரின் லா சாலின் சேரியில் கும்பல்கள் புகுந்து ஏழைகளை வெட்டிக் கொன்றன. 2019 அக்டோபரில் வேலை முடிந்தது என்று அந்தக் குழுவும் மூட்டை கட்டியது.

வேலை எப்படி முடிந்தது? 2021 ஜூலையில் ஹைத்தியின் ஜனாதிபதி தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 அக்டோபரில் மூன்றாண்டு ஓய்ந்திருந்த காலரா மீண்டும் வந்தது. 2024 மார்ச்சில் ஆயுதக் கும்பல்கள் தலைநகரின் பெரிய சிறையை உடைத்தன. கிட்டத்தட்ட 4 ஆயிரம் கைதிகளில் பெரும்பாலோர் வெளியேறினார்கள். அவர்களில் மிகப் பலர் கோர்ட்டையே காணாதவர்கள். 2004 முதல் 2019 வரை பதினைந்து ஆண்டுகள் நீதி போதித்த பலன் இது.

பாடம் கற்பித்தவர்கள் கெட்டிக்காரர்கள் இல்லை என்பதல்ல காரணம். கூலிச் சட்டத்தை முதலாளிக்காக வெட்டிவிட்டு, உழவனின் அரிசியைச் சந்தையில் கொன்றுவிட்டு, குடிதண்ணீரில் நோயைக் கலந்துவிட்டு, அதைக் கேட்க வந்தவனை வாசலில் தடுத்துவிட்டுச் சட்டத்தை மதி என்றால் எவன் மதிப்பான்? ஊரில் பெரியவன் சட்டத்துக்கு அடங்காதபோது, சட்டம் ஏழையை அடிக்கும் தடியாகத்தான் தெரியும்.

நம் கோரிக்கைகள்

இப்போது ஏன் இதை எழுதுகிறோம்? 2023 அக்டோபரில் பாதுகாப்புக் கவுன்சில் கென்யாவின் தலைமையில் மறுபடியும் ஹைத்திக்கு வெளிநாட்டுப் படை அனுப்ப அனுமதித்தது. 2025 செப்டம்பரில் அதைக் கும்பல்களை ஒடுக்கும் இன்னும் பெரிய படையாக மாற்றத் தீர்மானித்தது. கும்பல்களின் கொடுமையில் ஹைத்தி மக்கள் துடிப்பது உண்மை. அவர்களுக்கு உதவி வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் பழைய கணக்கைத் தீர்க்காமல் புதுத் துப்பாக்கிகள் போகின்றன.

இந்தியாவுக்கு இதில் பொறுப்பு உண்டு. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் இதுவரை ஐ.நா. படைகளில் பணியாற்றியிருக்கிறார்கள். ஹைத்தியிலும் நம் போலீஸ் அணிகள் இருந்தன. விவசாயிகள் வீட்டுப் பிள்ளைகள்தான் போகிறார்கள். ஒரு சிப்பாய்க்கு மாதம் 1,400 டாலருக்கு மேல் ஐ.நா. சபை அனுப்பும் நாட்டு சர்க்காருக்குக் கொடுக்கிறது. பிள்ளைகளைக் கொடுக்கிற நாடு பேச உரிமையுள்ள நாடு. டெல்லி சர்க்கார் இதைப் பற்றி வாய் திறக்க வேண்டும்.

ஒன்று, ஒவ்வொரு படையும் போகும்போதே நஷ்டஈட்டுக் கமிஷனும் அமைய வேண்டும். கமிஷன் இல்லாத இடத்துக்கு இந்தியச் சிப்பாய் போகக்கூடாது.

இரண்டு, சமாதானப் படைச் சிப்பாய் குற்றம் செய்தால் குற்றம் நடந்த ஊரிலேயே, பாதிக்கப்பட்டவர் கண்முன், விசாரணை நடக்க வேண்டும். தீர்ப்பு பகிரங்கமாக வெளிவர வேண்டும்.

மூன்று, நீதி அதிகாரிக்குத் தம்மை அனுப்பிய படையின்மீது வரும் புகாரையும் வாங்கி விசாரிக்கும் அதிகாரம் வேண்டும். அதற்காக அவர் வேலை போகக்கூடாது.

நான்கு, ஹைத்தியின் காலராக் குடும்பங்களுக்கு உண்டியல் பணம் வேண்டாம். ஐ.நா. வரவு செலவுத் திட்டத்திலிருந்தே, கடனாளி கடனைக் கட்டுவதுபோல, நஷ்டஈடு கட்ட வேண்டும்.

1825-ல் எஜமானன் நஷ்டஈடு கேட்டபோது போர்க்கப்பல்கள் வந்தன, கடன் வட்டியோடு வசூலாயிற்று. 2011-ல் ஏழை கேட்டபோது ஒரு கடிதம் வந்தது. இந்த அநீதி மாறும் வரை, சட்டத்தின் ஆட்சி என்று எவர் உபதேசம் செய்ய வந்தாலும், ஹைத்தியின் நெல் வயலில் வாய்க்கால் நீர் குடித்து மாண்ட கூலிக்காரனுக்கு என்ன பதில் என்று நாம் கேட்போம். உங்கள் சங்கக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். தீர்மானம் போட்டு டெல்லிக்கு அனுப்புங்கள். கடல் கடந்த நாட்டில் செத்தாலும் அவன் நம் வர்க்கத்தவன்.